இரண்டு ஊருக்கு இடையே தூரமும் விமான நேரமும்: மதுரை–சென்னையை வைத்து ஒரு முழுக் கணக்கு

மதுரையிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 415 கி.மீ. என்று இருக்கும், இன்னோரிடத்தில் 460, ரயில் கணக்கில் 490-க்கும் மேல். மூன்றும் சரிதான். மூன்றும் வேறு வேறு தூரம், அவ்வளவுதான். நேரமும் அப்படியே. அரை மணி, ஒன்றேகால் மணி, நாலரை மணி என மூன்று விடை கிடைக்கும். எது எதைச் சொல்கிறது என்று தெரியாமல் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் கடைசியில் அவதிப்படுகிறார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் எந்த இரண்டு ஊருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். வரிசைக்குக் காரணம் உண்டு. பெரும்பாலானவர்கள் விமான நேரத்தில் ஆரம்பிக்கிறார்கள். நான் அதை ஐந்தாவதாகத்தான் வைத்திருக்கிறேன், ஏனென்றால் முதல் நான்கும் தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புறப்படும் வீட்டின் முகவரியும் போய்ச் சேர வேண்டிய இடத்தின் முகவரியும் துல்லியமாக வேண்டும். "சென்னை" என்பது முகவரி இல்லை. பயண நாள், கிழமை, எத்தனை மணிக்குள் அங்கே இருந்தாக வேண்டும் என்பது வேண்டும். எத்தனை பேர், எத்தனை பெட்டி, பெட்டியை விமானத்தில் ஒப்படைக்க வேண்டுமா, கையிலேயே கொண்டுபோகலாமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சின்னக் குழந்தையோ முதியவரோ கூட வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏழாவது படியில் அது அரை மணி வரை வித்தியாசம் காட்டும்.

மற்றபடி ஒரு மேப் ஆப், போனில் இருக்கும் கால்குலேட்டர், ஒரு தாள். போதும்.

1. வாசலிலிருந்து வாசலுக்கு என்று எழுதுங்கள்

தாளின் மேலே இரண்டு முகவரிகளையும் எழுதுங்கள். இந்தக் கட்டுரைக்கு மதுரை அண்ணா நகரில் ஒரு வீடு, சென்னை தி.நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

இது அற்பமாகத் தோன்றும். ஆனால் சென்னையில் தி.நகருக்குப் போகிறவருக்கும் கூடுவாஞ்சேரிக்குப் போகிறவருக்கும் விடையே தலைகீழாக மாறிவிடும். தெற்கிலிருந்து வரும் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன. கூடுவாஞ்சேரிக்காரர் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் வீட்டில் இருப்பார். தி.நகர்க்காரருக்கு அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரப் பயணம் பாக்கி. இரண்டு பேருக்கும் பேருந்து எடுத்த நேரம் ஒன்றுதான்.

முகவரிக்குக் கீழே "இத்தனை மணிக்குள்" என்று ஒரு நேரத்தை எழுதுங்கள். காலை 10 மணிக்கு நேர்காணல் என்றால், பகலில் ஓடும் எந்த ரயிலும் உதவாது. அதிகாலை விமானமா, இரவு ரயிலா, இரவுப் பேருந்தா என்ற வாய்ப்புகள்தான் மிஞ்சும். அந்த வடிகட்டலை முதலிலேயே செய்துவிட்டால் பாதிக் கணக்கு மிச்சம்.

2. விமான நிலையம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஊரின் பெயரும் விமான நிலையம் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலிக்கு விமான நிலையம் கிடையாது. திருநெல்வேலிக்காரர்கள் போவது தூத்துக்குடி விமான நிலையத்துக்கு. அதுவும் தூத்துக்குடி நகரில் இல்லை, இரண்டு ஊருக்கும் நடுவே வாகைகுளத்தில் இருக்கிறது. சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில். மதுரை நிலையம் ஊருக்குத் தெற்கே, பெருங்குடி–அவனியாபுரம் பக்கம்.

அதிகம் பேர் ஏமாறுவது ஓசூரில். பெங்களூரு 40 கி.மீ. தான் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் கெம்பேகவுடா விமான நிலையம் இருப்பது பெங்களூருவுக்கு வடக்கே தேவனஹள்ளியில். ஓசூர் இருப்பது தெற்கே. முழு நகரத்தையும் தாண்டினால்தான் விமானம். பெங்களூரு போக்குவரத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆகவே இரண்டு முனையிலும் 100, 150 கி.மீ. சுற்றளவில் உள்ள விமான நிலையங்களை எல்லாம் எழுதுங்கள். காரைக்குடிக்காரருக்கு மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம். சென்னைக்குப் போவதாக இருந்தால் திருச்சியை முதலில் பாருங்கள், அது போகிற திசையிலேயே இருக்கிறது. விமானம் ஏறுவதற்காகப் பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் மறுபடி வானத்தில் கடந்தாக வேண்டும்.

நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மதுரை ஐஎக்ஸ்எம், சென்னை எம்ஏஏ, கோவை சிஜேபி, தூத்துக்குடி டிசிஆர். திருச்சி டிஆர்இசட், திருவனந்தபுரம் டிஆர்வி. இந்தக் கடைசி இரண்டும் ஒரே ஒரு எழுத்தில் வேறுபடுகின்றன. அவசரத்தில் தேர்ந்தெடுத்தால் வேறு மாநிலத்துக்கு டிக்கெட் போட்டுவிடுவீர்கள்.

3. வான்வழித் தூரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்

தளங்களே சொல்லிவிடுகின்றனவே, நாம் ஏன் போட வேண்டும்? காரணம், பல தளங்கள் ஊரின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கின்றன, சில விமான நிலையத்திலிருந்து அளக்கின்றன. சில மைலில் காட்டும், சில கடல் மைலில். ஒருமுறை கையால் போட்டுவிட்டால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

மேப்பில் விமான நிலையத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அதாவது வடக்கு. இரண்டாவது தீர்க்கரேகை, அதாவது கிழக்கு.

மதுரை: 9.83, 78.09
சென்னை: 12.98, 80.16

முதலில் வடக்கு–தெற்கு வித்தியாசம். 12.98-இல் 9.83 போனால் 3.15. ஒரு பாகை சுமார் 111 கி.மீ. ஆக 3.15 × 111 = 350 கி.மீ.

அடுத்து கிழக்கு–மேற்கு. 80.16-இல் 78.09 போனால் 2.07. இதையும் 111-ஆல் பெருக்கலாம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருகின்றன, அதனால் நடுவே உள்ள அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். மதுரைக்கும் சென்னைக்கும் நடு அட்சரேகை 11.4. அதன் கோசைன் 0.98. 2.07 × 111 × 0.98 = 225 கி.மீ.

இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். 350-இன் வர்க்கம் 1,22,500. 225-இன் வர்க்கம் 50,625. கூட்டினால் 1,73,125. வர்க்கமூலம் 416. ஆக வான்வழித் தூரம் சுமார் 415 கி.மீ.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் தவறுகள் ஏறக்குறைய எப்போதும் இவைதான்:

பாகை–கலையைத் தசமமாகப் படிப்பது. 9 பாகை 50 கலை என்பதை 9.50 என்று எழுதிவிடுவார்கள். ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே 50 கலை என்பது 0.83. இந்த ஒரு தவறில் மட்டும் 35 கி.மீ.க்கு மேல் பிசகும்.

கோசைனை விட்டுவிடுவது. தமிழ்நாட்டுக்குள் இதனால் பெரிய நஷ்டம் இல்லை, இங்கே அது 0.98-ஐ ஒட்டியே இருக்கும். டெல்லி பக்கம் அது 0.88. ஸ்ரீநகரில் 0.83. அங்கே இதை விட்டால் கணக்கு எங்கோ போய்விடும்.

கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு) இருப்பது. கோசைன் 11.4-க்கு 0.98 வராமல் வேறு ஏதாவது வந்தால், அல்லது கழித்தல் குறியோடு கூட வந்தால், பாகைக்கு மாற்றுங்கள்.

மைலும் கடல் மைலும். 415 கி.மீ. என்பது சாதாரண மைலில் 258, கடல் மைலில் 224. விமானத் துறை புழங்குவது கடல் மைலைத்தான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. உங்களுக்குக் கிடைத்த எண் 224 என்றால் அது தவறில்லை, அலகு வேறு.

இந்தியாவுக்குள் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய தூரங்களுக்கும் இந்த முறை நம் தேவைக்குப் போதும். சென்னை–லண்டன் மாதிரி தொலைதூரங்களுக்கு மட்டும் பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் கருவிகளைப் பயன்படுத்துங்கள்.

4. சாலைத் தூரத்தையும் ரயில் தூரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்

மதுரை–சென்னை சாலை சுமார் 460 கி.மீ. மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை, திருச்சி, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு வழி. ரயிலில் 490 கி.மீ.க்கும் கொஞ்சம் கூடுதல். ஏன் இந்த வித்தியாசம்? மதுரையிலிருந்து ரயில் முதலில் திண்டுக்கல் போய், மணப்பாறை வழியாகத் திருச்சிக்கு வருகிறது. சாலை மேலூர் வழியாகக் குறுக்கே வெட்டிப் போகிறது.

வான்வழித் தூரத்தோடு சாலைத் தூரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். மதுரை–சென்னைக்கு அது 1.1 மடங்கு. கோவை–சென்னை வான்வழியில் சுமார் 400 கி.மீ., மதுரையை விடக் கொஞ்சம் குறைவு. ஆனால் சாலையில் 500 கி.மீ.யைத் தாண்டுகிறது, 1.25 மடங்கு. அதாவது சாலையில் போகிறவருக்குக் கோவை மதுரையை விடத் தூரம், பறக்கிறவருக்குச் சற்றே பக்கம். இந்த மடங்கு கூடக் கூட விமானத்தால் மிச்சமாகும் நேரமும் கூடும். உங்கள் கணக்கில் மடங்கு ஒன்றுக்குக் கீழே வந்தால் மூன்றாவது படியில் ஏதோ தவறு, திரும்பிப் போய்ப் பாருங்கள். சாலை ஒருபோதும் நேர்கோட்டை விடக் குறுகியதாக இருக்க முடியாது.

5. இப்போது விமான நேரம்

ஜெட் விமானம் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போகும், 415-ஐ 830-ஆல் வகுத்தால் அரை மணி என்று முடிவு கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. பல தளங்கள் காட்டும் விமான நேரமும் இப்படி வந்ததுதான்.

அந்த வேகம் உச்சியில் சமமாகப் பறக்கும்போது மட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் மிகக் குறைவு. 415 கி.மீ. பயணத்தில் உச்சியில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். ஏறி முடித்து, குடிக்கக் கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் சக்கரம் தரையை விட்டு எழும் நேரமும் இல்லை. நிறுத்தியிருக்கும் இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரம் என்பது மறுமுனையில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம். இடையே ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, இறங்க வரிசையில் சுற்றுவது எல்லாம் உண்டு.

ஆகவே நான் பயன்படுத்தும் சூத்திரம் இது:

ஜெட் விமானம்: 35 நிமிடம் + தூரம் ÷ மணிக்கு 800 கி.மீ.
ஏடிஆர் என்ற விசிறி விமானம்: 30 நிமிடம் + தூரம் ÷ மணிக்கு 480 கி.மீ.

மதுரை–சென்னைக்கு ஜெட்டில் 35 + 31 = 66 நிமிடம். ஏடிஆரில் 30 + 52 = 82 நிமிடம். கால அட்டவணையில் பார்த்தால் இதற்குச் சில நிமிடம் கூடுதலாகவே இருக்கும். தாமதத்துக்கு இடம் விட்டுத்தான் விமான நிறுவனங்கள் நேரம் போடுகின்றன. சூத்திரம் பெரிய தூரத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க, சென்னை–டெல்லி சுமார் 1,760 கி.மீ. 35 + 132 = 167 நிமிடம், அதாவது இரண்டே முக்கால் மணியைச் சற்றே தாண்டும். அந்த வழியில் அடிக்கடி போகிறவர்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள்.

இந்தச் சூத்திரத்திலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. அந்த 35 நிமிடம் எவ்வளவு பக்கத்து ஊராக இருந்தாலும் குறையாது. தூரம் குறையக் குறைய, பயணத்தின் பெரும்பகுதி முழு வேகத்தில் பறக்காத நேரமாகிவிடுகிறது. ஜெட்டுக்கும் ஏடிஆருக்கும் வேகத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தும், மதுரை–சென்னையில் 16 நிமிடம்தான் வேறுபடுகிறது. அதற்காக ஜெட்டைத் தேடிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

காற்றைப் பற்றியும் கேட்பார்கள். இந்தத் தூரத்துக்கு அது சில நிமிடங்கள்தான். அதைவிடச் சென்னையில் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்பது முக்கியம். விமானங்கள் எதிர்காற்றில் இறங்கும். மேற்குக் காற்று வீசினால் கடல் பக்கம் போய்ச் சுற்றிக்கொண்டு வந்து இறங்க வேண்டும், கிழக்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து. ஜன்னல் வழியே ஒருநாள் கடலும் இன்னொரு நாள் ஏரிகளும் தெரிவது இதனால்தான்.

6. அப்படி ஒரு விமானம் இருக்கிறதா என்று பாருங்கள்

தூரம் காட்டும் கருவிக்கு விமானம் ஓடுகிறதா இல்லையா என்பது தெரியாது. கோவைக்கும் மதுரைக்கும் இடையே வான்வழியில் 175 கி.மீ. ஏதாவது ஒரு தளம் "விமான நேரம் 15 நிமிடம்" என்று தயங்காமல் சொல்லும். டிக்கெட் எடுக்கப் போனால் சென்னை வழியாகவோ பெங்களூரு வழியாகவோ மாறிப் போகச் சொல்லும். காரில் நாலு மணி நேரத்துக்குள் முடிகிற பயணம் அது.

ஆகவே விமான நிறுவனத்தின் தளத்திலோ டிக்கெட் தளத்திலோ உங்கள் தேதியைப் போட்டு, "இடைநில்லா" என்று வடிகட்டிப் பாருங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் என்பதையும் கவனியுங்கள், சிறிய நிலையங்களுக்கு எல்லா நாளும் சேவை இருக்காது. மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் அட்டவணை மாறும். பிப்ரவரியில் பார்த்து வைத்த நேரத்தை நம்பி ஏப்ரலில் கிளம்பாதீர்கள்.

வெளிநாடு என்றால் இன்னொரு பொறி. அட்டவணையில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். துபாய் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால். பகல் 12 மணிக்குப் புறப்பட்டு 3 மணிக்குச் சேரும் என்று போட்டிருந்தால் பயணம் மூன்று மணி நேரம் இல்லை, நாலரை. கொழும்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அங்கேயும் நம் நேரம்தான்.

7. இரண்டு முனைகளையும் சேருங்கள்

முழுக் கணக்கிலும் அதிகம் பிசகுவது இந்தப் படியில். பொறுமையாகச் செய்யுங்கள்.

வீட்டிலிருந்து நிலையம் வரை: மேப் ஆப்பில் இப்போதைய நேரத்துக்குப் பார்க்காதீர்கள். பயண நாளின் கிழமையையும் கிளம்பும் மணியையும் போட்டுப் பாருங்கள். மதுரை அண்ணா நகரிலிருந்து 40 நிமிடம் என்று வைப்போம்.

நிலையத்துக்குள்: போர்டிங் பாஸில் பெரிதாக அச்சிட்டிருக்கும் புறப்பாட்டு நேரத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். உங்களுக்கு முக்கியம் அதற்கு முந்தைய இரண்டு கெடுக்கள். உள்நாட்டு விமானங்களில் பெட்டி ஒப்படைக்கும் கவுன்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடப்படும். ஏறும் வாயில் 20, 25 நிமிடம் முன்பு. உங்கள் நிறுவனத்தின் கெடுவை டிக்கெட்டில் பாருங்கள். 6 மணி விமானத்துக்கு 5.10-க்குப் பெட்டியோடு ஓடி வருகிறவர் தாமதமாகத்தான் வந்திருக்கிறார், கண்ணெதிரே விமானம் நின்றாலும். மதுரை மாதிரி நிலையத்தில் 90 நிமிடம் முன்பாகப் போய்ச் சேர்ந்தால் நிம்மதி. சென்னையிலிருந்து திரும்பும்போது இரண்டு மணி நேரம் வையுங்கள். எந்த முனையம் என்பதையும் டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே உள்நாட்டுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட முனையங்கள் உண்டு.

இறங்கிய பிறகு: கையில் ஒரு பை மட்டும் என்றால் 15 நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். பெட்டி வர வேண்டும் என்றால் 25, 30. ஏடிஆரில் ஒரு கூடுதல் விஷயம்: தலைக்கு மேலே உள்ள அறைகள் சின்னவை. ஜெட்டில் கையோடு கொண்டுபோகும் சக்கரப் பெட்டியை ஏடிஆரில் வாங்கிக் கீழே போட்டுவிடுவதுண்டு. பெல்ட்டில் காத்திருக்கும் நேரம் அப்போது உங்களுக்கும் சேரும். அதில் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம் இருக்கிறது, அதனால் சீக்கிரம் இறங்க நினைப்பவர்கள் பின்வரிசை இருக்கை கேளுங்கள்.

நிலையத்திலிருந்து வீடு வரை: சென்னையில் மெட்ரோ நிலையம் விமான நிலையத்திலேயே இருக்கிறது. தி.நகருக்கு நந்தனத்தில் இறங்கி ஓர் ஆட்டோ. எதிரே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம், அங்கிருந்து நேரே மாம்பலம். மாலை நேரத்தில் டாக்ஸியை விட இவை இரண்டும் நம்பகமானவை. 45 நிமிடம் வைப்போம்.

முதியவரோ குழந்தையோ கூட இருந்தால் ஏறும்போது 15, இறங்கும்போது 15 சேருங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

8. கூட்டுங்கள், மற்ற வழிகளையும் அதே முறையில் கூட்டுங்கள்

விமானம்: வீட்டிலிருந்து நிலையம் 40, நிலையத்தில் 90, பயணம் 75, இறங்கிப் பெட்டி எடுக்க 25, வீடு சேர 45. மொத்தம் 275 நிமிடம். நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பகல் நேர வேக ரயில்: வீட்டிலிருந்து ஜங்ஷன் 20, முன்கூட்டியே நிற்க 20, ரயிலில் சுமார் 6 மணி நேரம், எழும்பூரிலிருந்து தி.நகர் 30. மொத்தம் ஏழு மணி பத்து நிமிடம். வைகை போன்ற ரயிலில் இன்னும் ஒரு மணி நேரம் கூடும்.

கார்: 460 கி.மீ., சராசரி 65 வேகத்தில் ஏழு மணி நேரம், சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி. எட்டு மணி நேரம். செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஞாயிறு மாலையில் மாட்டினால் அதற்கு மேல்.

விமானம் மிச்சப்படுத்துவது இரண்டரை மணி நேரம். "ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னை, ரயிலில் ஆறு மணி" என்று கேட்கும்போது நாலே முக்கால் மணி நேரம் லாபம் போலத் தோன்றும். அதில் பாதிதான் உங்கள் கைக்கு வருகிறது. கட்டண வித்தியாசத்தை இந்த இரண்டரையால் வகுத்துப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று தெரியும்.

இரவு ரயிலுக்குத் தனிக் கணக்கு. பயணம் எட்டு மணி நேரம் என்றாலும் தூங்குகிற நேரத்தை இழப்பாக எழுதக் கூடாது. காலை 10 மணி வேலைக்குப் போகிறவருக்கு இரவு 9 மணிக்கு மேல் ஏறி விடியற்காலையில் இறங்குவது, மூன்று மணிக்கு எழுந்து அதிகாலை விமானத்தைப் பிடிப்பதை விட உடம்புக்கு நல்லது என்பது என் கருத்து. ஆனால் படுக்கை உறுதியாகியிருக்க வேண்டும். முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது, பண்டிகை வாரங்களில் அன்றே தீர்ந்துவிடும்.

பொதுவாக, வான்வழியில் 250 கி.மீ.க்குக் கீழே என்றால் விமானத்தை மறந்துவிடுங்கள். 250-லிருந்து 600 வரை இரண்டு முனைகளும்தான் தீர்மானிக்கும், கூட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. 600-க்கு மேல் நேரத்தைப் பொறுத்தவரை விமானத்தை எதுவும் நெருங்காது.

9. தாமதத்துக்கு இடம் விடுங்கள்

இதைக் கடைசியில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், மொத்தத்தில் எவ்வளவு விட்டிருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

சாதாரண நாளில் விமானத்துக்கு ஒரு மணி நேரம் போதும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், சென்னைக்கு இரண்டு மணி நேரம் விடுங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே மாற்றுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடப்பட்டது. அப்போது ரயில்களும் ரத்தாகும், அதனால் மாற்று வழி என்று ரயிலை நம்புவதும் பலிக்காது.

போகி அன்று காலை சென்னையில் இறங்கும் விமானத்தைத் தவிர்த்துவிடுங்கள். புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாவதும் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படுவதும் நடந்திருக்கின்றன. மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

நாளின் கடைசி விமானத்தை எடுக்கும்போதும் யோசியுங்கள். முதல் விமானம் ரத்தானால் அடுத்ததில் ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. கடைசி விமானத்துக்கு அடுத்தது மறுநாள்தான். மேலும் ஒரே விமானம்தான் நாள் முழுக்க ஊர் ஊராகப் போய் வருகிறது. காலையில் ஏற்பட்ட தாமதம் மாலை வரை தொடர்ந்து வரும். நேரம் முக்கியமான வேலை என்றால் காலை விமானம்.

சென்னையில் வேறு விமானம் மாற வேண்டியிருந்தால், இரண்டு பயணமும் ஒரே பதிவு எண்ணில் இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. பெட்டியையும் வெளியே எடுத்துவந்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

10. முந்தின நாள் மாலை ஒரு சரிபார்ப்பு

புறப்பாட்டு நேரம் மாறியிருக்கிறதா என்று நிறுவனத்தின் ஆப்பில் பாருங்கள். குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்க வேண்டாம், முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டில் அவருடைய எண்தான் பதிவாகியிருக்கும்.

இணையத்தில் செக்-இன் முடித்து போர்டிங் பாஸைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள வாயில் மூடும் நேரத்தைத் தாளில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கழித்து வாருங்கள். காலை 7.00 மணிப் புறப்பாடு, வாயில் 6.35-க்கு மூடும், பெட்டிக் கவுன்டர் 6.00-க்கு மூடும், நிலையத்தில் 5.30-க்கு இருக்க வேண்டும், வீட்டை விட்டு 4.50-க்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்கு ஆட்டோவோ டாக்ஸியோ கிடைக்குமா என்று இரவே பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். விடியற்காலையில் ஆப்பில் வண்டி தேடிக்கொண்டு தெருமுனையில் நிற்கும் 20 நிமிடம் மேலே போட்ட எந்தக் கணக்கிலும் இல்லை.